மாடிக்காரரின் முதல் கடி

எங்கள் குடியிருப்பில் இருபது வீடுகள். இருபது வீட்டுக்கும் சேர்த்து ஒரே நாக்குதான் இருந்தது. அது என் சித்தப்பாவின் நாக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தால் நான் சொல்வது புரியும். லிஃப்ட் இயந்திர அறையின் சுவரோரம் ஒரு சிமெண்ட் மேடை. அதன்மேல் ஒரு கத்தி, ஓர் ஈரத்துணி, அன்றைக்குப் பறித்த காய்கள். எதிரே துணிப்பைகளோடு வரிசை. சித்தப்பா ஒவ்வொரு செடியின் காயிலிருந்தும் ஒரு வில்லை அறுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடி மெல்லுவார். கத்தரிக்காயும் பச்சையாகத்தான், வெண்டைக்காயும் பச்சையாகத்தான். கண்ணைத் திறந்து "பால் மாதிரி இருக்கு, கொண்டு போங்க" என்று அவர் சொல்லும்வரை ஒரு கையும் நீளாது. முகம் சுளித்தார் என்றால் அந்தச் செடியின் காய் மொத்தமும் உரத்தொட்டிக்குப் போகும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாலாவது வாரம் அவர்களே அடுத்தவரிடம், "மாடிக்காரர் கடிச்சுட்டாரா?" என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

இந்த வழக்கத்துக்குக் காரணம் ஒரு வெள்ளரிக்காய். பதினைந்து வருடத்துக்கு முன்னால் குடியிருப்புச் செயலாளர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த அன்று சித்தப்பா ஆசையாக ஒரு வெள்ளரிக்காய் கொடுத்தனுப்பினார். பத்து நிமிடத்தில் செயலாளர் மாடிப்படியில் நின்று கத்தினாராம். "ஐயா, நீங்க குடுத்தது வெள்ளரிக்காயா வேப்பங்காயா? என் சம்பந்தி முகம் போன போக்கைப் பார்த்தீங்களா?" இருபது வீடும் கதவைத் திறந்து சிரித்தது. அன்றைக்கு சித்தப்பா ஒரு சபதம் போட்டார். தன் நாக்கைத் தாண்டாமல் எதுவும் கீழே இறங்காது.

"வெள்ளரி, சுரை, பீர்க்கு, இந்தக் குடும்பத்தை மட்டும் கண்ணால பார்த்து நம்பக் கூடாது. மூஞ்சி ஒண்ணு சொல்லும், உள்ள ஒண்ணு இருக்கும். கடிச்சாதான் தெரியும்," என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் ஆறாதது இந்த ஒரு வாக்கியம்தான்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர், முப்பத்தோரு வருடம் கட்டடங்களின் வயிற்றுக்குள்ளேயே வாழ்ந்தார். லிஃப்ட் ஓடும் குழிக்குள் வெயில் வராது, காற்று வராது, மசகு நாற்றம் மட்டும் வரும். "ஊரையே மேல ஏத்தி விட்டவரு, வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் வருவாரு" என்பது சித்தியின் நிரந்தரக் கிண்டல். உண்மைதான். லிஃப்டின் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தவர் என்பதாலோ என்னவோ, அவர் அதில் ஏறி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் எங்கள் கட்டடத்தின் இயந்திர அறையில் பழுது பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, மழைநீர்க் குழாயின் வாயில் ஒரு தக்காளிச் செடி நிற்பதைப் பார்த்தார். யாரோ சாப்பிட்டு எறிந்ததிலிருந்து தானாக முளைத்தது. நாலு பழம் இருந்ததாம். நின்ற இடத்திலேயே நாலையும் தின்றார். மறுநாள் ஒரு காலி பெயிண்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டார். நான் பிறந்தது அந்த வருடம்தான். எனக்கும் தோட்டத்துக்கும் ஒரே வயது.

கழற்றிப்போட்ட லிஃப்டுகளின் சாமான்தான் தோட்டத்தின் எலும்பு. தண்டவாளம் போன்ற வழிகாட்டிக் கம்பிகள் பந்தல்கால்கள் ஆயின. தேய்ந்துபோன இரும்புக் கயிறுகள் கொடி படரும் கம்பிகள் ஆயின. லிஃப்டுக்கு எதிர்எடையாகத் தொங்கும் இரும்புக் கட்டிகள் உட்காரும் இடமாயின. இருபது வீட்டுக் காய்கறித் தோலும் காம்பும் மூடி போட்ட பெரிய தொட்டிக்குள் போய் மூன்று மாதத்தில் கறுப்பு மண்ணாகத் திரும்பி வந்தன. தோட்டம் வந்தபிறகு மேல்மாடி வீடுகளில் கோடையில் மின்விசிறிக்குக் கீழே அனலடிப்பது நின்றது. இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த தரைத்தளப் பெரியவரை டாக்டர் நடக்கச் சொன்னார். அவர் தெருவில் நடக்கவில்லை. வாரத்துக்கு ஒரு மாடி கூட ஏறி, ஒன்றரை மாதத்தில் பந்தலடிக்கு வந்து சேர்ந்தார். ரத்தம் குறைந்து சுவரைப் பிடித்து நடந்த ஓர் இளம் கர்ப்பிணிக்குப் பிரசவம் வரைக்கும் கீரை போனது. வெண்டைக்காய் என்றால் ஓடும் பிள்ளைகள் தாங்களே பறித்ததைச் சண்டை போட்டுத் தின்றார்கள்.

இதில் கடைசி ஆறு வருடம் நான் ஊரில் இல்லை. பை ஒன்றை மாட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றினேன். அம்மாவும் அப்பாவும் அண்ணனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நான் வந்து இறங்கும் இடம் எப்போதும் சித்தப்பா வீடுதான். அன்றைக்குக் கதவைத் திறந்ததும் அவர் உள்ளே பார்த்துச் சொன்னார். "இந்தா, உன் ஊர்சுத்தி வந்துட்டா. சோத்தைக் கூடப் போடு."

வந்த அன்றே ஒன்று நடந்தது. கடைசியாக இருந்த ஊரில் வாங்கிய ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஏதோ வேரைக் கருக்கி உப்பும் போட்டுச் செய்தது. அந்த ஊர்க்காரர்களைத் தவிர யாராலும் தின்ன முடியாது; வேடிக்கைக்காகத்தான் கொண்டுவந்தேன். சித்தி வாயில் போட்ட வேகத்தில் கைகழுவும் தொட்டிக்கு ஓடினார். "அடிப்பாவி, இதைத் திங்கவா ஆறு வருஷம் போனே?" சித்தப்பா ஒன்று எடுத்துப் போட்டு மென்றார். இன்னொன்றும் எடுத்தார். "நல்லாத்தானே இருக்கு," என்றார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எட்டாம் நாள் ஞாயிறு. நானும் மாடிக்குப் போனேன். பந்தலின் கிழக்கு மூலையில் ஒரு புதிய சுரைக்கொடி. அதில் ஒரே ஒரு காய், கழுத்து சற்றே ஒடுங்கி, வெளிர்ப்பச்சையில்.

"இது யாரு தெரியுதா?" என்றார் சித்தப்பா. "நீ நாலு வருஷத்துக்கு முன்னாடி உறைக்குள்ள வெச்சு பத்து விதை அனுப்பினியே, அந்தக் குடுவைச் சுரை? அதுவும் என் சுரையும் பக்கத்துப் பக்கத்துல நின்னுதுங்க. அந்த வருஷம் என் காய்ல எடுத்து வெச்ச விதை இது. கழுத்தைப் பார், உன் ஜாடை."

எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு தூரதேசத்துச் சந்தையில் சுரையின் ஓட்டைக் காயவைத்துத் தண்ணீர் மொள்ளும் குடுவையாக விற்றுக்கொண்டிருந்தார்கள். அழகாக இருந்ததால் விதை வாங்கி அனுப்பினேன். தின்பதற்கான சுரை இல்லை என்று அவருக்கும் தெரியும். காய்ந்த ஓடுகளை மட்டும் சுவரில் மாட்டியிருந்தார். பூச்சிக்கு வேலி ஏது, பாகப்பிரிவினை ஏது? ஒரு பூவின் தூளை இன்னொரு பூவில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

வரிசையின் முதலில் தையல் அக்கா நின்றிருந்தார். மூன்றாம் மாடி. நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து உடம்பு கனத்துவிட்டது என்று தினமும் காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிப்பவர். இரண்டு வாரத்துக்கு முன் அவருக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய சண்டை. தொட்டியிலிருந்து வழிந்த செம்மண் தண்ணீர், அவர் தைத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்த ஒரு கல்யாண உடையில் விழுந்துவிட்டது. "உங்க செடியெல்லாம் ஒரு நாள் வேரோட பிடுங்கிப் போடறேன் பாருங்க!" என்று அவர் கத்தியதும், "பிடுங்கு, பிடுங்கு. அப்புறம் சாறுக்கு எங்க போவேன்னு நானும் பார்க்கறேன்," என்று இவர் கத்தியதும் தெருமுனை வரை கேட்டதாம்.

அந்த முதல் சுரைக்காயை சித்தப்பா அவருக்கென்றே வைத்திருந்தார், சமாதானம் பேசத்தான்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். என் கண்ணால் பார்த்தேன். காம்புப் பக்கம் ஒரு வில்லை அறுத்தார். வாயில் போட்டார். கண்ணை மூடினார். மென்று விழுங்கினார்.

"பால் மாதிரி இருக்கு தங்கச்சி, கொண்டு போ."

"கோபம் தீர்ந்துச்சாண்ணா?"

"தீராமலா முதல் காயை உனக்குத் தர்றேன்?"

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அலறல் என்றுகூடச் சொல்ல முடியாது. மாடு கத்துவது மாதிரி. நான் ஓடினேன். தையல் அக்கா கழிவறை வாசலில் சுருண்டு கிடந்தார். லாரி ஓட்டும் அவர் கணவர் அன்றைக்குத்தான் வெளியூர் ஓட்டம் முடிந்து வந்திருந்தார். போட்டிருந்த சட்டையோடு அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் வாந்தி. அதில் ரத்தம்.

"காலைல சாறு குடிச்சா. வேற ஒண்ணுமே சாப்பிடல. அரை மணி நேரத்துல இப்படி..." என்னைப் பார்த்துக் கத்தினார். "லிஃப்டைக் கூப்பிடும்மா! சீக்கிரம்!"

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு ரத்த அழுத்தம் அளவெடுக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நான் உலகத்தின் எந்தெந்த மூலையிலோ காய்ச்சலிலும் விபத்திலும் கிடந்திருக்கிறேன். ஒரு டம்ளர் காய்கறிச் சாறு ஒரு மனுஷியை இப்படி அடித்துப் போடும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு மணி நேரம் கழித்து இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். முதல் கேள்வியே, "அந்தச் சாறு கசந்துச்சாமா?" என்பதுதான்.

"மருந்தா டாக்டர்? பூச்சிமருந்தா?" என்றார் லாரி ஓட்டுநரான கணவர்.

"இல்லீங்க. இது வெளியிலிருந்து அடிச்ச விஷம் இல்ல, காய்க்குள்ளயே உருவாகிறது. சுரைக்காய் கசந்தா ஒரு வாய்க்கு மேல உள்ள போகக் கூடாது. துப்பிடணும். சமைச்சாலும் போகாது. ஒரு சின்னத் துண்டுன்னா உடம்பு தாங்கிடும், இவங்க பெரிய டம்ளர் நிறைய, அதுவும் வெறும் வயித்துல குடிச்சிருக்காங்க. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. தண்ணியும் மருந்தும் ஏத்தி உடம்பைத் தாங்கிப் பிடிக்கறோம். ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்."

"காயைக் கடிச்சுப் பார்த்துத்தான் குடுப்பாங்க," என்றேன் நான். "நேத்து நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"அப்படின்னா வேற காயா இருக்கும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார்.

வேறு காய் இல்லை. அந்தக் கொடியில் காய்த்ததே ஒன்றுதான்.

சித்தப்பா அப்போதுதான் வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓட்டுநர் அவரைப் பார்த்ததும் எழுந்தார். ஓடும் அவசரத்திலும் அவர் வீட்டிலிருந்து ஒரு பையை எடுத்து வந்திருந்தார். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பார். அதிலிருந்து பாதிச் சுரைக்காயை வெளியே எடுத்தார்.

"அண்ணே, உங்களை நான் எப்பவாவது மரியாதை இல்லாம பேசியிருக்கேனா?"

"இல்லப்பா."

"என் பொண்டாட்டி உங்ககிட்ட கத்தினது தப்புதான். அதுக்காக இப்படியா?"

"என்ன சொல்றே நீ?"

"இதைக் கடிச்சுப் பார்த்தேன்னு சொல்றீங்கல்ல? என் எதிர்ல கடிங்க. பார்ப்போம்."

நடைபாதையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். சித்தப்பா மறுக்கவில்லை. காயை வாங்கினார். வெட்டுப்பட்ட பக்கத்தில் ஒரு துண்டைப் பல்லால் கவ்வி எடுத்தார். மென்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புருவம் அசையவில்லை. ஒரு சுருக்கம் விழவில்லை. தண்ணீரை மெல்லுகிற மாதிரி மென்றார்.

எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. இந்த மனிதர் மேல் ஒரு நொடி சந்தேகப்பட்டோமே என்று. ஓட்டுநரும் குழம்பிப்போனார். கையை நீட்டிக் காயைப் பிடுங்கி, தானும் ஒரு கடி கடித்தார்.

அடுத்த நொடி சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். துப்பினார். மறுபடி துப்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சட்டைக் கையால் நாக்கையே வழித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. திகில்தான் இருந்தது.

சித்தப்பா இன்னும் மென்றுகொண்டிருந்தார்.

"துப்புங்க!" நான் கத்தியது என் காதுக்கே கேட்கவில்லை. அவர் தாடையைப் பிடித்தேன். "சித்தப்பா, துப்புங்க! விழுங்காதீங்க!"

துப்பினார். தன் கையில் கிடந்த வெள்ளைச் சக்கையைப் பார்த்தார்.

"அண்ணே," என்றார் ஓட்டுநர், மிக மெதுவாக. "உங்களுக்குத் தெரியலையா?"

சித்தப்பா கையை மூடிக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா எதுவும் தெரியலப்பா."

இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல். பத்து நாளில் காய்ச்சல் போனது, போகும்போது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. சோறும் பஞ்சும் ஒன்று. ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும் என்று காத்திருந்தாராம். வாரம் மாதமானது. ஞாயிறுதோறும் வரிசை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அந்த நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"நகத்தால கீறினா முத்தினதா பிஞ்சான்னு தெரியும். தட்டினா சத்தத்துல தெரியும். மெல்லும்போது நார் தெரியும். நூத்துக்குத் தொண்ணூறு அதுலயே ஓடிடுச்சு. கசப்பு ஒண்ணுதான் கைக்கும் பல்லுக்கும் தெரியாதது. நடுவுல சும்மாவாவது ரெண்டு காயைத் தூக்கிப் போடுவேன், சந்தேகம் வரக் கூடாதுன்னு."

நல்ல காயையா? சந்தேகம் வராமல் இருக்கவா? வெள்ளரிக் குடும்பத்தை நம்பக் கூடாது என்று எனக்குச் சொன்னவர் இவர்தான். தெரிந்தே, வாரா வாரம், இருபது வீட்டுக்கு முன்னால் கண்ணை மூடி மென்று காட்டியிருக்கிறார்.

"ஏன் சித்தப்பா சொல்லல?"

"சொன்னா அப்புறம் நான் யாரும்மா?" என்றார்.

அந்தக் கொடியின் விதையில் பாதி நான் அனுப்பியது என்பது அப்போதுதான் என் தலையில் இறங்கியது.

இரண்டு நாள் அக்கா எந்தப் பக்கம் போவார் என்று தெரியவில்லை. குடியிருப்பில் அதற்குள் கதை கிளம்பிவிட்டது. மாடிக்காரர் திருட்டுத்தனமாக மருந்து அடிக்கிறார். சண்டையை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே செய்தார். அந்த உரத்தொட்டியில் என்னென்ன போகிறதோ யாருக்குத் தெரியும். ஒருவர் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து கீரைக்கட்டு நேராகக் குப்பைக்குப் போனதை நானே பார்த்தேன். மூன்றாம் நாள் அக்கா கண் திறந்தார் என்ற செய்தி வந்தது. நாலாம் நாள் செயலாளர் அறிவிப்பு ஒட்டினார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் கூட்டம், தோட்டத்தை அகற்றுவது பற்றி.

ஓட்டுநர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை படியில் என்னைப் பார்த்தபோது, "அது அவர் சொல்ல வேண்டியது. நான் சொன்னா நல்லா இருக்காது. ஆனா சொல்லலைன்னா நான் இந்த வீட்டைக் காலி பண்ணிடுவேன்," என்றார்.

ஞாயிறு வரிசை நின்ற அதே இடத்தில் கூட்டம் நின்றது. ஒருவர் கையிலும் பை இல்லை. கிழக்கு மூலை வெறுமையாக இருந்தது. சுரைக்கொடியை வேரோடு பிடுங்கி, எடுத்து வைத்திருந்த விதைகளையும் சித்தப்பா முந்தைய நாளே எரித்திருந்தார். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, உங்க மேல எங்களுக்குத் தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் இல்ல. என்ன மருந்து அடிச்சீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

சித்தப்பா சிமெண்ட் மேடையின் பின்னால் நின்றார். கத்தியைத் தொட்டார். ஈரத்துணியை மடித்தார். சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். மருந்தடித்தவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு, தோட்டத்தையும் கொடுத்துவிட்டு, நாக்கை மட்டும் காப்பாற்றிக்கொள்ள அவரால் முடியும்.

"மருந்து அடிக்கல. எனக்கு ருசி தெரியாது. ரெண்டு வருஷமா," என்றார். "உங்க எதிர்ல கடிச்சதெல்லாம் வேஷம்."

யாரோ சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்கள். தரைத்தளத்துப் பெரியவர் இரும்புக் கட்டியின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

முதலில் வாயைத் திறந்தது சித்திதான். அவருக்கும் அதுவரை தெரியாது.

"ஏங்க... ரெண்டு வருஷமாவா?"

"ம்."

"ரெண்டு வருஷமா உப்பு கூடுதல், காரம் பத்தலன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லல. தட்டைத் தள்ளல. நான்..." சித்தி மேடையருகே வந்தார். "முப்பது வருஷத்துக்கு அப்புறம் என் சமையல் தேறிடுச்சுன்னு நெனச்சேனே! என் தங்கச்சிக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேனே!"

அப்போது கூட யாரும் சிரிக்கவில்லை. சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். அகற்றுவதா வேண்டாமா என்று ஒருவரும் கைதூக்கவில்லை. செயலாளர் மட்டும் கடைசியாக நின்று, "வெள்ளரிக்காய்க்கு நான் அன்னிக்கு அவ்வளவு சத்தம் போட்டிருக்க வேண்டாம்," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தக்காளி பழுத்துச் செடியிலேயே வெடித்தது. சித்தப்பா தண்ணீர் ஊற்றினார், உதிர்ந்ததைக் கூட்டினார், ஒன்றையும் பறிக்கவில்லை. நான் கிளம்ப வேண்டிய தேதி வந்தது. தள்ளிப்போட்டேன்.

மூன்றாவது ஞாயிறு காலை படிக்கட்டில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. தையல் அக்கா. கன்னமெல்லாம் வற்றி, ரவிக்கை தொளதொளவென்று, கணவரின் தோளைப் பிடித்து ஐந்தாவது மாடியையும் தாண்டி ஏறி வந்தார். லிஃப்ட் பழுதோ என்று கேட்டேன். "இல்லம்மா, ஏறி வர முடியுதான்னு பார்த்தேன்," என்றார். கையில் ஒரு காலிப் பை.

இரும்புக் கட்டியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சித்தப்பா எழுந்து நின்றார். கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டுமா? முதல் வாய் குடிச்சதுமே கசந்துச்சு. குடலைப் பிடுங்கற கசப்பு. என் நாக்கு வேண்டாம்னுதான் சொல்லுச்சு. உங்க நாக்கு பால்னு சொல்லியிருந்துச்சு. உங்க நாக்குக்குத் தெரியாததா என் நாக்குக்குத் தெரியப்போகுது, கசக்கற பாகம் உடம்புக்கு நல்லதாத்தான் இருக்கும்னு கண்ணை மூடிட்டு மொத்தத்தையும் குடிச்சேன்." அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இருபது வருஷமா துணியைத் தொட்டே சாயம் போகுமா போகாதான்னு சொல்ற எனக்கு, என் வாயை நம்பத் தெரியல பாருங்க!"

"என்னை மன்னிச்சுடு தங்கச்சி."

"மன்னிக்கறதெல்லாம் மெதுவா. இன்னும் கோபம் இருக்கு. இப்ப அந்த வெள்ளரிக்காயை எடுங்க. அறுக்காதீங்க. என்கிட்ட குடுங்க."

கொடுத்தார். அக்கா கத்தியை வாங்கித் தானே நுனியை அறுத்தார். ஒரு சின்ன வில்லையை நாக்கில் வைத்தார். சித்தப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசப்பு இல்ல," என்றார் அக்கா. மென்று விழுங்கினார். "கொஞ்சம் முத்திடுச்சு. இத்தனை வாரம் பறிக்காம விட்டா முத்தாம என்ன செய்யும்?" பையில் போட்டுக்கொண்டார். "இனிமே அவங்கவங்க பைக்கு அவங்கவங்க வாய்தான். கீழ போய் நான் சொல்லிக்கறேன்."

அதன்பிறகு வரிசை வந்துவிட்டது. பழைய நீளம் இல்லை, ஆறேழு வீடுதான். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. வருவார்களா என்று தெரியாது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பச்சைக் கத்தரிக்காயைக் கடித்து முகத்தைக் கோணிக்கொள்வதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். செயலாளர் ஒரு வெண்டைக்காயைக் கடித்துவிட்டு, "இதையா பதினஞ்சு வருஷமா அந்த மனுஷன் தின்னுக்கிட்டு இருந்தார்?" என்றார்.

சித்தப்பா மேடைக்குப் பின்னால் நிற்பார். கடிப்பவர்களின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். நான் கிளம்பிய வாரம், செடியிலிருந்து ஒரு தக்காளியைப் பறித்து என்னிடம் நீட்டினார்.

"கடி."

கடித்தேன்.

"புளிப்பு எங்க பிடிக்குது? நுனியிலயா, ஓரத்துலயா?"

"ஓரத்துல."

"இனிப்பு முன்னாடி வருதா, பின்னாடி வருதா?"

நான் இன்னொரு முறை கடித்தேன். எத்தனை நாட்டுச் சந்தையில் எத்தனை தக்காளி தின்றிருப்பேன், ஒரு முறைகூட இதைக் கவனித்ததில்லை.

"பின்னாடி, சித்தப்பா. விழுங்கினதுக்கு அப்புறம்."

"ஆமா," என்றார். "அந்த விதை அப்படித்தான்."